பின்னட்டை

புதுச்சேரியிலிருந்து வந்தவர்
மேசைமேல் வைத்தார்:
பழைய இசைத்தட்டு ஒன்றின் அட்டை.
தட்டு இல்லை.
"தட்டு யாருக்கு வேணும், அட்டைதாம்மா விஷயம்."
கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி விடுதி திறக்கிறாராம்.
வரவேற்பறையில் மாட்ட.

திருப்பாதிரிப்புலியூரில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
இருபத்தாறு வருஷமாகக் கண்ணாடி அறுக்கிறேன்.
சாமி, கல்யாணம், செத்தவர்,
பத்தாம் வகுப்பில் முதலாக வந்த பிள்ளை
எல்லாம் என் விரலிடுக்கில் போயிருக்கிறது.
இப்படி விளக்கவுரையோடு எதுவும் வந்ததில்லை.

தொட்டுத் தொட்டுச் சொன்னார்:
கோணல் வண்டித்தடம், காலமாம்.
ஒற்றைப் பனை, தனிமையாம்.
முதுகு வளைந்து கட்டு சுமந்து போகிறவர்
நம் மரபாம்.
கட்டில் இருப்பது விறகில்லையாம்,
தலைமுறைகளாம்.
தலைப்பைப் பூச்சி தின்றிருந்தது.
மண் என்று இருந்திருக்கும்,
மிச்சம் ண் மட்டும்.
அந்த எழுத்தில் ஒரு சொல்லும் தொடங்காது.
அதற்கும் ஏதோ அர்த்தம் வைத்திருந்தார்.

நான் குச்சிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.
இருபத்து மூன்று.
முன்பே எண்ணியதுதான்.

அது சவுக்கு, ஐயா.
புதுச்சத்திரம் பக்கம், ராஜமன்னார் தோப்பு.
சுமக்கிறவர் பேர் பாவாடை.
விடிகாலையில் ஆளில்லை என்று தூக்கி வந்தவரை
காரில் போன போட்டோக்காரர்
"அப்படியே நில்லுங்க" என்றிருக்கிறார்.
நின்றிருக்கிறார்.
ஓடினால்தானே திருடன்.

ஒன்றரை வருஷம் கழித்து
ஊரில் ரெக்கார்டு பிளேயர் இருந்த ஒரே வீட்டுக்காரர்
கடலூர்க் கடையில் அந்தத் தட்டை வாங்கினார்.
ராஜமன்னார்தான்.
பாட்டுக்கு முன்னால் அட்டையைப் பார்த்தார்.
தன் மரம் தனக்குத் தெரியாதா?

பஞ்சாயத்தில் அட்டைதான் சாட்சி.
மரபு நாற்பது ரூபாய் தண்டம் கட்டியது.
தீர்ப்புச் சொன்னவர்கள் கொஞ்சம் சிரித்துவிட்டு
அட்டையை அவரிடமே கொடுத்தார்கள்.
தட்டு தோப்புக்காரர் வீட்டில் சுழன்றது.
மெட்ராஸில் ஏசி அறையில்
கிதார் வைத்துப் பாடிய ஏற்றப்பாட்டு,
தெருமுனை வரை கேட்குமாம்.

"இதுவும் நல்லாருக்கே" என்றார் விடுதிக்காரர்.
"படத்துக்குக் கீழ எழுதி வைக்கலாம்.
பேர மட்டும் மாத்திக்கலாம்.
பாவாடைன்னா சிரிப்பாங்க."

அஞ்சலாட்சியைப் பற்றி நான் சொல்லவில்லை.

தானே புயலுக்கு முந்தின வருஷம்,
பாவாடை செத்த நாலாம் நாள்
மகள் இதே அட்டையோடு வந்தாள்.
வேறு படமே கிடையாது.
ரேஷன் கார்டில் இருந்தது வெறும் கறுப்பு.
"அப்பாவ மட்டும் எடுத்துக் குடுக்கா.
வெறகு வேணாம்.
கருமாதிக்கு வர்றவங்க அதத்தான் பாப்பாங்க."

ஓரம் ஓரமாகப் பிளேடு போட்டேன்.
தோளிலிருந்து கட்டு கழன்றது.
கழுத்து நிமிரவில்லை.
மாலை போட்டு மாட்டிய பிறகும்
கீழே எதையோ தொலைத்தவர் மாதிரியே இருந்தார்.

மிச்ச அட்டையை அவள் வாங்கிப் போகவில்லை.
மேசை இழுப்பறையில் கிடந்தது:
வண்டித்தடம், பனை,
ஆள் வடிவில் ஓர் ஓட்டை,
அதன்மேல் அந்தரத்தில்
இருபத்து மூன்று சவுக்கு.

விடுதிக்காரருக்குத் தேக்குச் சட்டம் பிடித்தது.
தங்கக் கோடு வேண்டாமாம், கிராமத்தனம் போய்விடுமாம்.
முன்பணம் கொடுத்தார்.
வெள்ளிக்கிழமை வரச் சொன்னேன்.

படம் தொய்யாமல் இருக்க
பின்னால் இன்னொரு அட்டை வைப்பது வழக்கம்.
இழுப்பறையைத் திறந்தேன்.
பனைக்கு நேர் பனை,
கட்டுக்கு நேர் கட்டு,
ஆளுக்கு நேர்
ஆள் இருந்த இடம்.
நாலு மூலையிலும் ஆணி அடித்து
காக்கித்தாள் ஒட்டி
ஈரம் காய வெயிலில் சாய்த்து வைத்தேன்.

பின்னட்டைக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.